பென்சிலால் எழுதிய பெயர்கள்: செங்ஹெனித் பயணக் குறிப்புகள்

நாள் 1

வேல்ஸின் கார்டிஃப் நகருக்கு வேலை நிமித்தமாக வந்த இடத்தில் ஐந்து நாள் விடுப்பு கிடைத்தது. கடற்கரைக்கோ மலையேற்றத்துக்கோ போகலாம் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். நான் பழைய நிலக்கரிச் சுரங்க ஊரான செங்ஹெனித்துக்குப் போகிறேன் என்றதும், அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் பார்த்த ஒரே ஒரு புகைப்படத்துக்காகப் போகிறேன் என்று சொல்ல அப்போது கூச்சமாக இருந்தது.

கார்டிஃபிலிருந்து ரயிலில் கேர்ஃபில்லி போய், அங்கிருந்து பேருந்தில் ஆபர் பள்ளத்தாக்கின் உள்ளே செல்ல வேண்டும். முன்பு செங்ஹெனித் வரைக்கும் ரயில் இருந்தது. 1964இல் அந்தக் கிளைப்பாதையில் பயணிகள் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஊரின் பெயரை நடத்துநரில்லாத அந்தப் பேருந்தின் ஓட்டுநரிடம் நான் தப்பாகத்தான் உச்சரித்தேன். வெல்ஷ் மொழியில் இரட்டை ‘டி’ எழுத்துக்கு நாம் ‘அது’ என்று சொல்லும்போது நடுவில் வரும் தகரத்தின் ஒலி. ஓட்டுநர் திருத்திச் சொல்லிக்கொடுத்த இரண்டாம் முறை எனக்கு எளிதாக வந்துவிட்டது. வெல்ஷின் ஓர் ஒலி நம் நாக்கில் ஏற்கெனவே இருப்பதில் சின்னப் பெருமிதம்.

மலைச்சரிவில் வரிசை வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிய கல்வீடுகள். 1891இல் யூனிவர்சல் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கும் முன்னர் இங்கே பண்ணைகளும் ஆடுகளும்தான் இருந்தன. 1896இல் நிலக்கரி மேலே வரத் தொடங்கியதும் ஆட்கள் வேல்ஸின் எல்லா மூலைகளிலிருந்தும், குறிப்பாக வடக்கிலிருந்தும், வந்து குடியேறினார்கள். ஊர் சுரங்கத்துக்காகப் பிறந்தது. 1928இல் சுரங்கம் மூடப்பட்டது, ஊர் இருக்கிறது. இன்று மழையில் இவ்வளவுதான் பார்க்க முடிந்தது.

நாள் 2

காலையில் முதலில் நினைவுத் தோட்டத்துக்குப் போனேன். 1913 அக்டோபர் 14ஆம் தேதி காலை எட்டு மணிக்குச் சற்றுப் பின்னர், ஏறத்தாழ 950 பேர் கீழே வேலையில் இருந்தபோது யூனிவர்சல் சுரங்கத்தின் மேற்குப் பகுதியில் வெடிப்பு நேர்ந்தது. நிலக்கரி அடுக்குகளில் கசியும் மீத்தேன் பற்றிக்கொண்டிருக்க வேண்டும். அந்த முதல் வெடிப்பு கிளப்பிய நிலக்கரித் தூசியும் சேர்ந்து எரிந்து, சுரங்க வழிகள் நெடுக நெருப்பு ஓடியது. நெருப்புக்குத் தப்பியவர்களில் பலரை அதன் பின் பரவிய கார்பன் மோனாக்சைடு கொன்றது. 439 தொழிலாளர்களும், மீட்கப் போனவர்களில் ஒருவரும் இறந்தார்கள். பிரிட்டனின் சுரங்க வரலாற்றில் இதைவிடப் பெரிய உயிரிழப்பு இல்லை. இதே சுரங்கத்தில் 1901 மே 24ஆம் தேதி நடந்த வெடிப்பில் 81 பேர் இறந்திருந்தார்கள்.

நூறாண்டு நிறைவான 2013இல் இந்தத் தோட்டம் வேல்ஸின் தேசியச் சுரங்க நினைவிடமாகத் திறக்கப்பட்டது. நடுவில் வெண்கலச் சிலை: நிற்க முடியாத ஒருவரை மீட்பாளர் தாங்கிப் பிடித்திருக்கிறார். சுற்றுச்சுவரில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சுடுமண் ஓடு. அதில் பெயர், வயது, முகவரி. டேவிஸ், ஜோன்ஸ், எவன்ஸ், வில்லியம்ஸ் என்று மூன்று நான்கு குடும்பப் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றன. நம் ஊரில் மூன்று முருகேசன்கள் இருந்தால் பால்கார முருகேசன், வாத்தியார் முருகேசன் என்று பிரித்துச் சொல்வதுபோல, இங்கும் தொழிலையோ பழக்கத்தையோ ஒட்டித்தான் ஆட்களை அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டில் அந்தப் பட்டப்பெயர்களுக்கு இடமில்லை. வயது மட்டும் தனியாக உறுத்துகிறது. இறந்தவர்களில் எட்டுப் பேருக்கு வயது 14.

அங்கிருந்து ஊர்ச் சமுதாயக்கூடத்தில் உள்ள அருங்காட்சியகத்துக்குப் போனேன். தன்னார்வலர்கள் நடத்தும் சிறிய இடம் அது. முன்கூட்டியே கடிதம் எழுதியிருந்ததால் இருவர் காத்திருந்தார்கள்: பக்கத்துப் பள்ளத்தாக்கின் சுரங்கமொன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், எழுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவர். அவர் என்னை முதல் வாக்கியத்திலிருந்தே ‘பாஹ்’ என்று அழைத்தார். சின்னது என்று பொருள்படும் அந்தச் சொல் இங்கே நம் ‘கண்ணு’வைப் போல வயது பார்க்காமல் புழங்குகிறது.

நான் தேடிவந்த படத்தை அவர்கள் உடனே எடுத்து வைத்தார்கள். கிளாஸ்கோவைச் சேர்ந்த டபிள்யூ. பென்டன் என்ற புகைப்படக்காரர் விபத்து நடந்த நாட்களில் இங்கே வந்து எடுத்து, அஞ்சலட்டைகளாக அச்சிட்டு விற்ற படங்களில் ஒன்று அது. சுரங்க வாயிலில் காத்திருக்கும் கூட்டம். அதில் ஒரு சிறுமி. அவள் கையில் சால்வையால் சுற்றிய குழந்தை. குழந்தையைச் சால்வையால் தன் உடம்போடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு ஒரு கையை வேலைக்கு விடுவித்துக்கொள்வது வேல்ஸ் பெண்களின் வழக்கம். அந்தச் சிறுமிக்குப் பதின்மூன்று பதினான்கு வயதுதான் இருக்கும், ஆனால் அவள் நிற்கிற நிலையில் ஒரு தாயின் பழக்கம் தெரிகிறது. அவள் அழவில்லை. கேமராவைப் பார்க்கவும் இல்லை.

திரையில் பலமுறை பார்த்த படம்தான். கையில் எடுத்தபோதுதான் அது எவ்வளவு சிறியது என்பது புரிந்தது. என் உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய அட்டை. இதைக் கடையில் காசு கொடுத்து வாங்கி, தபால்தலை ஒட்டி, யாரோ யாருக்கோ அனுப்பியிருக்கிறார்கள். பிறர் துயரத்தை விற்றார் என்று பென்டனைக் குறை சொல்ல நினைத்தேன், பெரியவர் முந்திக்கொண்டார். “அவர் வந்திராவிட்டால் உங்களுக்கும் எங்களுக்கும் இந்தப் பெண் யாரென்றே தெரிந்திருக்காது” என்றார். அவர் சொன்னதில் பாதிதான் எனக்கு உடன்பாடு. மற்ற பாதியை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பென்டன் எடுத்தவை எல்லாம் விபத்தின் படங்கள். ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டுப் பெட்டிகளிலிருந்து கொண்டுவந்து கொடுத்தவை வேறு வகை. கல்யாணம், பள்ளி வகுப்பு, ரக்பி அணி, தேவாலயச் சுற்றுலா. இந்தப் படங்களில் இருப்பவர்களை அடையாளம் காண்பதுதான் இவர்கள் இருவரின் வாராந்தர வேலை. முறை எளிமையானது. படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துத் தலைகளின் வெளிக்கோட்டை மட்டும் வரைந்து, ஒவ்வொரு தலைக்குள்ளும் ஓர் எண் போடுகிறார்கள். எண்ணுக்கு எதிரே பெயர் எழுத ஒரு பட்டியல். ஒருவர் மட்டும் சொன்ன பெயர் பென்சிலால் எழுதப்படும். தொடர்பில்லாத இரண்டாமவரும் அதையே சொன்னால் பேனாவால் எழுதப்படும்.

எனக்குக் காட்டியது ஆண்கள் பாடகர் குழு ஒன்றின் படம். ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் 31 பேர், மூன்று வரிசை. பட்டியலில் ஒன்பது பெயர்கள் பேனாவில், ஆறு பென்சிலில். 17ஆம் எண்ணுக்கு எதிரே வெற்றிடம். பின் வரிசையில், காதுகள் சற்று விரிந்த இளைஞன். அத்தனை பேரில் அவன் ஒருவன்தான் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்திருக்கிறான். விபத்துக்கு ஓராண்டு முன் எடுத்த படம் என்று வீட்டு வழக்கில் சொல்லிவருகிறார்களாம். அந்த ஊரின் ஒரு தேவாலயம் தன் ஆண் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் இழந்திருக்கிறது என்பதை நினைத்துக்கொண்டு அந்த 31 முகங்களையும் பார்த்தேன். இவர்களில் பாதிப் பேர் அடுத்த ஆண்டு இல்லை. சிரிப்பை அடக்கும் அந்த இளைஞனைப் பார்க்கவே முடியவில்லை.

நாள் 3

இன்று பிளைனாவன் ஊரில் உள்ள பிக் பிட். 1980இல் மூடப்பட்டு 1983இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்ட சுரங்கம் இது. பழைய தொழிலாளர்களே வழிகாட்டிகளாக இருந்து ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்துக்குக் கூண்டில் இறக்கி அழைத்துப்போகிறார்கள். செங்ஹெனித்தின் சுரங்கவாய் இதைப்போல ஆறு மடங்குக்கும் மேல் ஆழமானது.

கூண்டில் ஏறும் முன் கைபேசி, மின்கலக் கைக்கடிகாரம், தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பொறி பறக்கக்கூடிய எதுவும் கீழே போகக் கூடாது என்ற சட்டம் இன்றும் இங்கே நடப்பில் இருக்கிறது. பையில் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான், இரண்டு நாட்களாக என் கண்ணெதிரே இருந்த ஒன்று உறைத்தது. அருங்காட்சியகத்தில் பார்த்த அத்தனை படங்களிலும் ஒன்றுகூட நிலத்துக்கடியில் எடுத்ததில்லை. அந்தக் காலத்தில் இருட்டில் படமெடுக்க மெக்னீசியப் பொடியைக் கொளுத்தித்தான் வெளிச்சம் உண்டாக்க வேண்டும். மீத்தேன் கசியும் சுரங்கத்தில் அதைச் செய்வது தற்கொலை. ஆகவே ஒரு சுரங்கத் தொழிலாளி தன் வாழ்நாளில் பாதியைக் கழித்த இடத்தில் அவனுக்குப் பெரும்பாலும் படமே இல்லை. நம்மிடம் இருக்கும் முகங்களில் பெரும்பாலானவை வெளிச்சத்துக்கு வந்த பிறகு, அல்லது கழுவித் துடைத்துக்கொண்ட பிறகு, எடுத்தவை.

கீழே விளக்குகளை அணைக்கச் சொன்னார் வழிகாட்டி. முகத்துக்கு முன் கையை ஆட்டினேன், ஒன்றும் தெரியவில்லை. 1842ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களையும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடியில் வேலை வாங்குவதைத் தடைசெய்யும் வரை, காற்றோட்டக் கதவுகளைத் திறந்து மூடுவதற்காகக் குழந்தைகள் இந்த இருட்டில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அதை நாடகமாக்காமல், வேலை விவரமாகச் சொன்னார். உடன் வேலை செய்பவனை இங்கே ‘பட்டி’ என்பார்கள். சாப்பாட்டு டப்பாவுக்கு டாமி பாக்ஸ் என்று பெயர்; எலி கடிக்காமல் இருக்கத் தகரத்தில், ரொட்டித் துண்டின் வடிவிலேயே செய்தது. தண்ணீர்க் குப்பி ஜாக்.

குதிரை லாயத்தில் ஒவ்வொரு கொட்டடியின் மேலும் அதில் கட்டியிருந்த குதிரையின் பெயர் இன்னும் இருக்கிறது. படமில்லாமல் பெயர் மட்டும் உள்ள குதிரைகள் இங்கே. பெயரில்லாமல் படம் மட்டும் உள்ள மனிதர்கள் அங்கே.

மேலே 1939இல் கட்டிய குளியல் கூடம் இருக்கிறது. ஒரு பக்கம் அழுக்கு உடுப்புக்கான பெட்டகங்கள், இடையில் குளியலறைகள், மறுபக்கம் துவைத்த உடுப்புக்கான பெட்டகங்கள். இது வருவதற்கு முன் ஆண்கள் கரியோடு வீட்டுக்கு வந்து, கணப்பின் முன் தகரத் தொட்டியில் குளித்தார்கள். அந்த வெந்நீரைத் தூக்கியது, தொட்டியைக் காலி செய்தது, உடுப்பை அடித்து உதறியது, கணவனும் மகனும் வீட்டு வாடகைக்காரரும் வெவ்வேறு முறைப் பணியிலிருந்து வரும்போது ஒவ்வொருவருக்கும் அதை மறுபடி செய்தது எல்லாம் பெண்கள். பென்டனின் படங்களில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஆனால் எல்லாரும் சும்மா நிற்கிறார்கள். அவர்கள் வாழ்க்கையில் அப்படி நின்ற நேரம் அந்தச் சில நாட்கள் மட்டும்தான் இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

நாள் 4

அபர்ஃபான். போகலாமா வேண்டாமா என்று நேற்றிரவு வரை முடிவு செய்யவில்லை. மெர்தர் வேல் நிலையத்தில் இறங்கி ஆற்றைக் கடந்தால் ஊர்.

1966 அக்டோபர் 21ஆம் தேதி காலை 9.15 மணிக்கு, மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவுக் குவியல்களில் ஏழாவது, மழைநீரும் அடியிலிருந்த ஊற்றுநீரும் ஊறிச் சேறாகி, பான்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளியின் மீதும் வீடுகளின் மீதும் சரிந்தது. 116 குழந்தைகளும் 28 பெரியவர்களும் இறந்தார்கள். மரண விசாரணையில், மூச்சுத்திணறல் என்று காரணம் வாசிக்கப்பட்டபோது, அப்படியல்ல, தேசிய நிலக்கரி வாரியம் உயிரோடு புதைத்தது என்று பதிவு செய்யுங்கள் என்று ஒரு தகப்பன் சொன்னார். அடுத்த ஆண்டு வந்த விசாரணை மன்றத்தின் அறிக்கையும் பொறுப்பு வாரியத்துடையதே என்றது. அதற்குப் பிறகும், எஞ்சிய குவியல்களை அகற்றும் செலவில் 1,50,000 பவுண்டை மக்கள் நன்கொடையாகத் தந்த நிவாரண நிதியிலிருந்தே எடுத்துக்கொண்டார்கள். 1997இல்தான் அந்தத் தொகை திருப்பித் தரப்பட்டது, வட்டி இல்லாமல்.

1913இன் கணக்கும் இதே குணமுடையதுதான். செங்ஹெனித் சுரங்க மேலாளருக்கு விதித்த அபராதம் 24 பவுண்டு. இறந்தவர் எண்ணிக்கையால் அதை வகுத்து, ஓர் உயிருக்கு ஒரு ஷில்லிங் ஒன்றேகால் பென்னி என்று உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று எழுதியது.

அபர்ஃபானின் படங்களில் பெரும்பாலானவை பத்திரிகைக்காரர்கள் முதல் சில நாட்களில் எடுத்தவை. அவர்கள் போன பிறகு வந்தவர் சக் ராபபோர்ட் என்ற அமெரிக்கர். அவருக்கே அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. லைஃப் இதழுக்காக வந்து, ஊரில் தங்கி, மக்கள் மறுபடி கடைக்கும் மதுக்கடைக்கும் போவதை, பிழைத்த குழந்தைகள் தெருவில் நிற்பதை, அந்த அழிவுக்குப் பின் பிறந்த குழந்தையைப் படமெடுத்தார். புதைகுழியை எடுத்தவர்களும் இவரும் ஒரே கருவியைத்தான் வைத்திருந்தார்கள்.

பள்ளி இருந்த இடத்தில் இப்போது தோட்டம். மேலே கல்லறைத் தோட்டத்தில் வெள்ளை வளைவுகள் வரிசையாக. கைபேசியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. இன்றைய குறிப்பை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நாள் 5

இரண்டாம் நாள் குறிப்பில் நான் எழுதியதில் ஒரு பெரும் பிழை இருக்கிறது. அதைத் திருத்துவதற்கே இன்றைய குறிப்பு முழுவதும் போகும்.

நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று காலையில் மீண்டும் செங்ஹெனித் போனேன். அருங்காட்சியகத்தில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் பிஸ்கட் டப்பா. டப்பாவுக்குள் குடும்பப் படங்கள். பாடகர் குழுவின் படத்தைப் பற்றிப் பேத்தி சொல்லிக் கேட்டு வந்திருந்தார். 17ஆம் எண்காரன் தன் பாட்டனாரின் அண்ணன் என்றார். எப்படித் தெரியும் என்று அம்மையார் கேட்டதற்கு, டப்பாவிலிருந்து நான்கு படங்களை எடுத்து மேசைமேல் பரப்பி, “காதைப் பாருங்கள்” என்றார். நான்கு தலைமுறை ஆண்கள், எல்லாருக்கும் ஒரே விரிந்த காதுகள். அந்த அண்ணன் 1913இல் சுரங்கத்தோடு போனவர். நினைவுச் சுவரில் அவருக்கு ஓடு இருக்கிறது.

அம்மையார் பென்சிலை எடுத்துவிட்டார். பெரியவர்தான் கையமர்த்தினார். நேற்று அவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு படத்தை மூலை மூலையாகப் பார்த்திருக்கிறார். முன் வரிசையில், 4ஆம் எண்காரரின் கோட்டு மடிப்பில், பொத்தான் அளவுக்கு ஒரு வட்டமான வெளிறிய புள்ளி. எனக்கும் கண்ணாடியைத் தந்தார். முதலில் அச்சுக் கறை என்றே நினைத்தேன். பிறகு விளிம்பில் எழுத்துகள் சுற்றிவருவதும் மேலே கிரீடமும் புலப்பட்டன. முதல் உலகப்போரில் காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்குத் தந்த வெள்ளி வில்லை அது. வீட்டிலிருக்கும் வயதுவந்த ஆணைக் கோழை என்று தெருவில் ஏசிய காலத்தில், போய்விட்டுத்தான் வந்தேன் என்று காட்ட அணிந்துகொண்டது. அது முதன்முதலில் வழங்கப்பட்டது 1916 செப்டம்பரில்.

ஆகவே இந்தப் படம் விபத்துக்கு முன் எடுத்ததல்ல. குறைந்தது ஏறத்தாழ மூன்று ஆண்டு கழித்து எடுத்தது. இவர்களில் பாதிப் பேர் அடுத்த ஆண்டு இல்லை என்று நான் எழுதினேனே, இதிலுள்ள 31 பேரும் விபத்தைத் தாண்டி உயிரோடு இருந்தவர்கள். சிலர் அன்று கீழே இருந்து, கிழக்குப் பக்கத்தில் வேலை பார்த்ததால் மேலே வந்தவர்களாக இருக்கலாம். சிலர் பிறகு ஊருக்கு வந்தவர்களாக இருக்கலாம். தகப்பனைப் புதைத்துவிட்டு, சுரங்கம் மறுபடி திறந்ததும் அதே கூண்டில் இறங்கியவர்களும் இவர்களில் இருந்திருப்பார்கள். சாயங்காலம் கழுவிக்கொண்டு நான்கு குரலில் பாடப் போயிருக்கிறார்கள். ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறான்.

என் பிழை தேதியில் மட்டும் இல்லை. இந்த ஊரின் பெயரைக் கேட்டாலே 1913 என்று நினைக்கப் பழகியிருந்தேன். பேண்டு வாத்தியமோ பள்ளி வகுப்போ, எந்தப் படத்தைக் காட்டினாலும் அதை விபத்துக்கு முந்தைய படமாக்கி, அதிலிருந்தவர்களை மனத்துக்குள் கொன்றுவிட்டுத்தான் பார்த்தேன். ஊர்க்காரர்களே அப்படித்தான் சொல்லிவந்தார்கள் என்பது எனக்குச் சாக்கு ஆகாது.

மூதாட்டி வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நூறாண்டுக்கு மேலாக முகமே இல்லாமல் போன ஒருவருக்கு இன்று காலையில் முகம் கிடைத்து, அரை மணி நேரத்தில் பறிபோய்விட்டது. அம்மையார் தேநீர் போட எழுந்தார். அப்போது மூதாட்டி டப்பாவைக் கிளறி இன்னொரு படத்தை எடுத்தார். வயதான ஒருவர், வாசற்படியில், மடியில் நாய். “அப்படியானால் இது இவராகத்தான் இருக்க வேண்டும், என் பாட்டனாரேதான்” என்றார். “அவர் பாடி நான் கேட்டதே இல்லை. தனக்குக் குரலே கிடையாது என்று சொல்லுவார்.”

பெரியவர் இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். காதுகள் அதேதான், ஆனால் காதுகள் அந்தக் குடும்பத்தில் எல்லாருக்கும் அதேதான் என்றார். மூதாட்டி சிரித்துவிட்டார், உதட்டைக் கடித்துக்கொண்டு.

அம்மையார் 17ஆம் எண்ணுக்கு எதிரே பென்சிலால் ஒரு பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். பிறகு பட்டியலின் தலைப்பில் இருந்த ‘1912’ஐ ரப்பரால் அழித்து, தூசியை ஊதிவிட்டு, “1916க்குப் பின்” என்று எழுதினார். ஒன்றரை மணிப் பேருந்தில் கேர்ஃபில்லி திரும்பினேன்.